“டீச்சர் வேலையில் ஏது பாகுபாடு?”

ஆசிரியப் பணி பெண்களுக்கென்றே அமைந்தது, அங்கே ஆண் பெண் பாகுபாட்டுக்கு இடமில்லை என்பது பரவலான கருத்து. அதற்கு முதல் சான்றாகக் காட்டப்படுவது எண்ணிக்கை. இந்தியப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டதை 2019-20ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரம் காட்டியது உண்மையே. ஆனால் அவர்கள் குவிந்திருப்பது மழலையர், தொடக்க வகுப்புகளில். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வகுப்பு உயர உயர அவர்களின் விகிதம் இறங்குகிறது. ‘சின்னப் பிள்ளைகளைப் பொறுமையாகப் பார்த்துக்கொள்வார்கள்’ என்ற பாராட்டே அவர்களை அங்கு நிறுத்திவைக்கிறது.

அடுத்த வாதம், ஒரே சம்பளம். அரசுப் பள்ளிகளில் ஊதிய விகிதம் ஒன்றுதான். பங்கிடப்படும் வேலைதான் வேறு. ஆண்டு விழா நாளில் இது பளிச்சென்று தெரியும். கோலம், குத்துவிளக்கு, சந்தனத் தட்டு, விருந்தினருக்குக் காபி எல்லாம் டீச்சர்கள் பொறுப்பு. மேடை, மைக், வரவு செலவு சார்கள் பொறுப்பு. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர் பன்னீர்ச் செம்போடு வாசலில் நிற்பார். அவருக்குப் பல ஆண்டு இளையவர் மேடையில் அமர்ந்திருப்பார். கேட்டால், “நீங்க நின்னாத்தான் டீச்சர் விழா களைகட்டும்” என்று பதில் வரும். புகாராக எழுதிக் கொடுக்க இதில் எதுவும் அகப்படாது. அதனாலேயே இது ஆண்டுதோறும் நடக்கிறது. மாணவர்கள் அடித்துக்கொண்டால் “சாரைக் கூப்பிடு” என்பதும் இதே வகை. அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வகுப்பறையே பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

பதவி உயர்வு பணிமூப்புப்படிதான், பெண்களே வேண்டாமென எழுதிக் கொடுக்கிறார்கள் என்பதும் சொல்லப்படுகிறது. தலைமையாசிரியர் பதவி தொலைவான ஊரில் கிடைத்தால், வீட்டையும் பிள்ளைகளையும் மனைவியிடம் விட்டுவிட்டு ஆண் போய்விட முடிகிறது. பெண்ணுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. அவரது மறுப்பை விருப்பம் என்று கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மகப்பேறு விடுப்பு பெண்களுக்கான கூடுதல் சலுகை என்ற வாதமே மிகவும் புண்படுத்துவது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் 2021 முதல் இது 12 மாதம். ஆயினும் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காகக் கேட்ட விடுப்பு, முதல் திருமணத்தில் இரு குழந்தைகள் உண்டு என்று மறுக்கப்பட்டது. மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று கூறி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு வழங்கச் சொன்னது. ஆசிரியர் அறையிலோ, “அவங்களுக்கென்ன, ஒரு வருஷம் லீவு” என்ற பேச்சு ஓயவில்லை. மாற்று ஆசிரியரை அமர்த்தாத நிர்வாகத்தின் மேல் வர வேண்டிய கோபம் பிள்ளை பெற்றவர் மேல் பாய்கிறது. தனியார் பள்ளி நேர்காணல்களில் “கல்யாணம் எப்போ?” என்று ஆண்களிடம் கேட்பதில்லை, பெண்களிடம் கேட்கிறார்கள், பதிலைப் பொறுத்து வேலை அமைகிறது.