மெஷின் 'வொர்க்கர்', மனுஷன் 'மேனேஜர்': என்ன கணக்கு இது?

இன்னிக்குக் கொஞ்சம் காரமான பதிவு.

நான் குடியிருக்கிற மர்பி டவுன்ல, அல்சூர் பக்கம், க்ளவுட் வேலை பார்க்கிற தமிழ்ப் பசங்க நிறைய. அமெரிக்காவுல ஒரு சர்வர் படுத்தா இங்க இவங்க தூக்கம் போச்சு. அவங்க புழங்குற மென்பொருள்ல ஒண்ணு குபெர்னெட்டிஸ். அதுல பாரம் சுமக்கிற மெஷினுக்குப் பேரே 'வொர்க்கர் நோட்'. அதோட நிலைமையைச் சொல்ல கோடுல தனி இடம் உண்டு: ரெடியா, இல்லையா, தகவலே இல்லையா. வழக்கமா 10 விநாடிக்கு ஒரு தடவை "உயிரோட இருக்கேன்"னு அது சேதி அனுப்பும். அதுல ஓடுற வேலையை நிறுத்தணும்னாலும் சட்டுனு கழுத்தைப் பிடிக்க மாட்டாங்க. கைவேலையை முடிக்க 30 விநாடி அவகாசம் உண்டு.

மெஷினுக்கு இவ்வளவு மரியாதை. அதைக் கட்டி மேய்க்கிற பையனோட நிலைமை சட்டத்துல என்ன? சட்டத் தொகுப்புக்கும் 'கோடு'ன்னுதான் பேரு!

1947 தொழில் தகராறு சட்டம், அதுக்குப் பதிலா 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிற தொழிலுறவுத் தொகுப்பு, ரெண்டுமே தொழில்நுட்ப வேலை செய்யறவரைத் தொழிலாளின்னுதான் சொல்லுது. நிர்வாக வேலை பார்க்கிறவர் வெளியே. மேற்பார்வையாளருக்கு மட்டும் சம்பள வரம்பு, புதுத் தொகுப்புல மாசம் 18,000 ரூபாய். தொழில்நுட்ப வேலைக்கு அந்த வரம்பே கிடையாது. "லட்சத்துல சம்பளம் வாங்கறவன் எப்படிய்யா தொழிலாளி?"ன்னு கேக்கறவங்க இந்த வரியை இன்னொரு தடவை படிங்க.

தொழிலாளின்னு ஆனா என்ன லாபம்? ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு பண்ணணும்னா ஒரு மாச நோட்டீஸ் இல்லேன்னா அந்த மாசச் சம்பளம், முடிச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. அதனாலதான் கம்பெனிகளுக்கு 'மேனேஜர்'ங்கிற பட்டம் அவ்வளவு இனிக்குது. காசு செலவில்லாத ப்ரமோஷன்! வீட்டுக் கடனுக்கு வர்ற சம்பளச் சீட்டுகளைப் பார்க்கிறவன் நான். ஒருத்தரையும் மேய்க்காத மேனேஜர்கள் எத்தனை பேர் தெரியுமா?

பி.காம்ல பாலபாடம் ஒண்ணு உண்டு: கணக்கோட பேரைப் பார்க்காதே, அதுக்குள்ள நடக்கறதைப் பாரு. 90 நாளுக்கு மேல வட்டியும் அசலும் கட்டாம நின்னா, கடனுக்கு என்ன பேர் வெச்சாலும் அது வாராக்கடன்தான். நீதிமன்றமும் இதையேதான் சொல்லியிருக்கு. 1985ல அர்க்கல் கோவிந்தராஜ ராவ் – சிபா கெய்கி வழக்குல உச்ச நீதிமன்றம், பதவியோட பேர் முக்கியமில்ல, அவர் முக்கியமா செய்யற வேலை என்னன்னு பாருங்கன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2015ல வேலை போன ஒரு டிசிஎஸ் ஊழியர் விஷயத்துல, அவர் நிர்வாகப் பதவியில இருந்தவர்னு கம்பெனி வாதாடிச்சு. சென்னை தொழிலாளர் நீதிமன்றம் அதை ஏத்துக்கல. 2022ல அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஜெயிச்சார், சரி. ஆனா 7 வருஷம்! எத்தனை குடும்பம் தாங்கும்?

அரசாங்கங்களைப் பாருங்க. ஐ.டி. கம்பெனிகளுக்கும் தொழில் தகராறு சட்டம் பொருந்தும், சங்கம் வைக்கத் தடையில்லன்னு 2016லயே தமிழக அரசு சொல்லிடுச்சு. இங்க கர்நாடகாவுல, வேலை விதிகளை எழுத்துல வைக்கச் சொன்ன 1946 நிலையாணைச் சட்டத்துல இருந்தே ஐ.டி. துறைக்கு 2014ல விலக்கு குடுத்தாங்க. 2019லயும் 2024லயும் அதை நீட்டிச்சாங்க. குழந்தைத் தொழில், வளரட்டும்னு காரணம். குழந்தை எப்பங்க வயசுக்கு வரும்?

இதே பெங்களூர்லதான் ஹெச்ஏஎல், ஐடிஐ, பிஇஎல் தொழிலாளிங்க 1980 டிசம்பர்ல ஆரம்பிச்சு 77 நாள் வேலைநிறுத்தம் பண்ணினாங்க. தொழிலாளின்னு சொல்லிக்க அவங்க கூச்சப்படல. பேங்க் ஆபீசரான எனக்கே சங்கம் இருக்கு. எங்க சம்பளம் பேச்சுவார்த்தையில முடிவாகுது. அதனால என் கௌரவம் ஒரு இஞ்ச்கூடக் குறையல. நம்ம பிள்ளைங்களுக்கு மட்டும் 'தொழிலாளி'ன்னா ஏன் முகம் சுளிக்குது? கல்யாணப் பத்திரிகையில மேனேஜர்னு போட்டுக்கங்க, யார் வேணாங்கிறா? சட்டத்துக்கு முன்னாடி செய்யற வேலையைச் சொல்லுங்க.

அதனால ஒரு வேலை பண்ணுங்க. வேலை நியமனக் கடிதத்தைப் பத்திரமா வைங்க. தினம் செய்யற வேலையைத் தேதி போட்டு எழுதி வைங்க. லீவு குடுக்கிற, ஆளெடுக்கிற அதிகாரம் உங்ககிட்ட இருக்கா இல்லையான்னு குறிச்சுக்கங்க. கம்பெனி ரகசியத்தை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க, உங்க சொந்தக் கணக்கை மட்டும் எழுதுங்க. 2017ல இருந்து கர்நாடகாவுல ஐ.டி. ஊழியர் சங்கம்னு ஒண்ணு இருக்கு, விசாரிங்க. அம்மா அப்பாக்களே, "சங்கம் கிங்கம்னு போகாதே"ன்னு போன்ல மிரட்டாதீங்க.

10 விநாடிக்கு ஒரு தடவை மெஷினை "உயிரோட இருக்கியா?"ன்னு விசாரிக்கத் தெரிஞ்ச தொழில் இது. மனுஷனை வெளியே அனுப்பும்போது ஒரு மாச நோட்டீஸ் குடுக்கறது மட்டும் எப்படிப் பாரமாகும்?