கரும்புத் தீவுக்குக் களங்கமா?

தோழர்களே!

"மொரீசியசா? வரி ஏய்ப்போரின் சொர்க்கமாயிற்றே!" என்று ஏளனம் பேசுவோர் ஏராளம். சிம்மக்கல்லிலே காலை முதல் இரவு வரை கடையில் நின்று, வரியும் தவறாது கட்டும் சிறு வணிகருக்கு அதைக் கேட்டுச் சினம் பிறக்கிறது. நியாயமான சினம்! ஆனால், அது யார்மீது பாய வேண்டும்?

அத்தீவு நமக்கு அயலன்று. பிரெஞ்சு ஆட்சியிலேயே புதுவைத் தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே சென்றனர். ஆங்கிலேயர் ஆட்சியில் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் கரும்புக் காட்டிலே வியர்வை சிந்தினர். அந்நாட்டுப் பணத்தாளிலே இன்றும் தமிழ் எழுத்துத் திகழ்கிறது. 1968-இல் விடுதலை பெற்றபோது, சர்க்கரையையே நம்பி நின்ற நாடு அது.

1982-இல் இந்தியாவும் அத்தீவும் வரி ஒப்பந்தம் செய்தன. மொரீசியசில் பதிவான நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு வரி விதிக்கும் உரிமை மொரீசியசுக்கே என்றது ஒப்பந்தம். அங்கோ அந்த ஆதாயத்துக்கு வரியே இல்லை! இங்கும் இல்லை, அங்கும் இல்லை! பெயர்ப்பலகை நிறுவனங்கள் முளைத்தன, மறுப்பதற்கில்லை. இந்தியப் பணமே வேடம் புனைந்து திரும்பி வருகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

ஆனால், கையெழுத்திட்டது ஒரு கையா? இரு கைகள் அல்லவா! மொரீசியசு தரும் வதிவுச் சான்றிதழே போதும் என்று 2000-இல் சுற்றறிக்கை விடுத்தது யார்? நமது மத்திய நேரடி வரி வாரியம்! அது செல்லும் என 2003-இல் தீர்ப்பளித்தது உச்சநீதிமன்றம். கதவைத் திறந்து வைத்தவர் டில்லியிலே. பழி மட்டும் கடலுக்கு அப்பாலா?

2016-இல் ஒப்பந்தத்தைத் திருத்த அத்தீவு இசைந்தது. 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளின் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்றாயிற்று. கள்ளப்பணத் தடுப்புக்கான பன்னாட்டு நிதிப் பணிக்குழு 2020-இல் அந்நாட்டைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. குறைகளைக் களைந்து, 2021-இல் அது வெளியே வந்தது.

2020-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பட்டியலிட்டது. அதன் வீட்டுப் பிள்ளையான லக்சம்பர்க்கு அதில் உண்டா? இல்லை! உறுப்பு நாடுகளுக்கு அப்பட்டியலில் இடமே கிடையாது. கேமன் தீவுகளில் பறப்பதும் பிரித்தானியக் கொடிதானே? பெரியவன் செய்தால் நிதி மேலாண்மை. சிறியவன் செய்தால் மோசடியோ?

தோழர்களே! ஓட்டை எங்கிருப்பினும் அடைபடட்டும். பயன் துய்த்த பணமூட்டைகள் கணக்குக் காட்டட்டும். தவறு திருத்திய சிறு நாட்டைத் தூற்றுவது நீதியன்று. சினம் கொள்வோம், குறி தவறாமல் கொள்வோம்!