எடைமேடைக் கணினி

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. எடைமேடை அறையில் தூசி படிந்த விண்டோஸ் எக்ஸ்பி, ஆபீசில் லினக்ஸ் சர்வர். லாரி மேடையேறியதும் எடைச்சீட்டு சர்வரின் பொது ஃபோல்டரில் போய் விழ வேண்டும். அந்த இரண்டையும் பேசவைப்பது சாம்பா. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிவைத்த இலவச மென்பொருள், எத்தனையோ சிறு கம்பெனிகளுக்குப் பெரிய உபகாரம். ஆனால் 2019-ல் வந்த சாம்பா 4.11 முதல், எக்ஸ்பிக்குத் தெரிந்த ஒரே கோப்புப் பகிர்வு மொழியான எஸ்எம்பி1 தானாக இயங்காது. சீட்டு வரவில்லை, டிரைவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள் என்று எஸ்எம்பி1-ஐ மறுபடி திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வான்னாக்ரை நிரல் உலகெங்கும் பரவியது விண்டோஸின் எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். லட்சக்கணக்கில் சரக்கு நிறுக்கும் அந்த அறைக்கு ஒரு புதுக் கணினி வாங்கிக் கொடுங்கள், இந்த மாதமே.