வாங்குவதா, காத்திருப்பதா?

"பதறாத காரியம் சிதறாது" என்று சொன்ன நம் முன்னோர்கள், அதை நம்பி நாம் சற்றே திண்ணையில் சாய்ந்துவிட்டால், "ஆறின கஞ்சி பழங் கஞ்சி" என்று இன்னொரு பழமொழியைச் சொல்லித் தட்டி எழுப்பிவிடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் வாங்க உத்தேசித்திருக்கும் குடும்பங்களில் இவ்விரு பழமொழிகளுக்கும் ஓயாத சண்டை நடந்து வருகிறது. இதில் ஒரு வேடிக்கை. சாதாரணமாக அவசரம் பிள்ளைகளுக்கும் பொறுமை பெரியவர்களுக்கும் உரியது அல்லவா? இந்த விஷயத்தில் மட்டும் தகப்பனார், "பணம் இருக்கும்போதே வாங்கித் தொலையேன்" என்கிறார். பிள்ளையாண்டானோ, "அடுத்த மாடல் வரப் போகிறது, அப்பா! பொறுங்கள்" என்று ஒரு ரிஷியைப் போல் பதில் சொல்கிறான்.

இந்தத் தர்மசங்கடம் நம் முந்தின தலைமுறைக்குக் கிடையாது. 1970-களில் பஜாஜ் சேடக் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள், பத்து வருஷம் வரையில்கூடக் காத்திருந்தது உண்டு. "எதை வாங்குவது?" என்று அக்காலத்தில் யாரும் கேட்கவில்லை, "எப்போது கிடைக்கும்?" என்றுதான் கேட்டார்கள். மோட்டார் சைக்கிளின் கதையும் ஏறக்குறைய அதுதான். 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டுத் திருவொற்றியூரில் புல்லட் வண்டியைச் செய்யத் தொடங்கியது. அந்த வண்டியின் வார்ப்பிரும்பு இஞ்சின், அடிப்படையில் மாறாமலே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிற்று. தாத்தா வாங்கியதும் பேரன் வாங்கியதும் ஒரே ஜாதி வண்டி. புது மாடலுக்காகக் காத்திருப்பேன் என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால், அவருடைய ஆயுள் பலத்தை நாம் மெச்சியிருக்க வேண்டியதுதான்!

இப்போது நிலைமை தலைகீழ். வண்டி கடையில் நிற்கிறது, காத்திருப்பவர் நாம். அந்தக் காத்திருப்புக்கு என்ன விலை என்பதைத்தான் யாரும் கணக்கிடுவதில்லை.

நம்மோடு பணியாற்றிய இளம் உபாத்தியாயர் ஒருவர், 2021-ல் பதினெட்டு மைலுக்கு அப்பாலுள்ள ஒரு கிராமப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். புல்லட் வாங்கப் பணமும் சேர்த்து வைத்திருந்தார். அந்த வருஷம் செப்டம்பரில், அதே கம்பெனியின் கிளாசிக் வண்டி புது இஞ்சினுடன் வெளிவந்தது. உடனே, "அடுத்தது புல்லட்தான், ஸார்! இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் போதும்" என்றார். மூன்று மாதம் ஆறாயிற்று, ஆறு பன்னிரண்டாயிற்று. கடைசியில் 2023 செப்டம்பர் முதல் தேதி புதிய புல்லட் வந்தே விட்டது. நண்பரும் வாங்கிவிட்டார்.

அவர் அடைந்த லாபத்தைப் பக்ஷபாதமின்றிச் சொல்லிவிடுவோம். பழைய இஞ்சினில் சுமார் 19 குதிரை சக்தி. புதியதில் சுமார் 20. அதாவது இரண்டு வருஷத் தவத்துக்கு ஒரு குதிரை! ஆனால் அதோடு போகவில்லை. புது இஞ்சினில் அதிர்வைத் தணிப்பதற்கென்று தனியாக ஒரு தண்டு சுழல்கிறது. பழைய வண்டியில் வேகமாகப் போனால் கைப்பிடியிலும் கால்மிதியிலும் ஏறும் நடுக்கம் இதில் வெகுவாகக் குறைந்துவிட்டது. சட்டமும் புதிது, வளைவுகளில் வண்டி உறுதியாய் நிற்கிறது. தினம் முப்பத்தாறு மைல் போகிறவருடைய முதுகெலும்பு இதற்கு வந்தனம் சொல்லும். நல்ல வண்டிதான், சந்தேகமில்லை.

இனிப் பற்று வரவில் அடுத்த பக்கம். பஸ்ஸுக்கு நின்றதிலும் ஊர் ஊராய்ச் சுற்றியதிலும் அவருக்குத் தினம் இரண்டு மணி நேரம் அதிகம் போயிற்று. வருஷத்துக்கு இருநூறு பள்ளி நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், இரண்டு வருஷத்தில் எண்ணூறு மணி. அவருக்கு அப்போது மூன்று வயதுப் பெண் குழந்தை. காலையில் அவர் கிளம்பும்போது அது எழுந்திருக்கவில்லை. இரவு திரும்பும்போது பெரும்பாலும் தூங்கிப் போயிருந்தது. புல்லட் வாசலுக்கு வந்த சமயத்தில் குழந்தை ஐந்து வயதாகிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். "வண்டி எப்போது வேண்டுமானாலும் வரட்டும்; நீ வெளிச்சத்தோடு வீட்டுக்கு வாடா" என்று அவருடைய தாயார் சொன்னது நமக்கு நினைவிருக்கிறது. அந்த அம்மாள் குதிரை சக்தியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்.

அப்படியானால் காத்திருப்பதே பிசகா? அப்படியும் நாம் சொல்ல மாட்டோம். 2025-ஆம் வருஷத்தைப் பாருங்கள். ஆகஸ்டு 15-ந் தேதி, சரக்கு-சேவை வரி குறையும் என்று பிரதம மந்திரி அறிவித்தார். செப்டம்பர் 3-ந் தேதி வரிக் கவுன்ஸில் தீர்மானித்தது: 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகும். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 ஆகும். செப்டம்பர் 22 முதல் அமல். விற்பனை விலையில் ஏறக்குறைய 8 சதவிகிதம் குறைவு; இரண்டு லட்சம் ரூபாய் வண்டிக்குப் பதினையாயிரத்துக்கு மேல் மிச்சம். பத்தொன்பது நாள் பொறுக்காமல் சின்ன வண்டியை வாங்கியவரும், பொறுத்திருந்து பெரிய வண்டியை வாங்கியவரும் ஒரே மாதிரி கையைச் சுட்டுக்கொண்டார்கள். அங்கே தேதி இருந்தது, தொகையும் இருந்தது; பஞ்சாங்கத்தைப் பார்ப்பது போலப் பார்த்து முடிவு செய்யலாம். "என் சிநேகிதனின் மைத்துனன் கம்பெனியில் இருக்கிறான், தீபாவளிக்கு வருமாம்" என்பது வேறு சங்கதி. நமது உபாத்தியாயர் இரண்டு வருஷம் காத்திருந்தது இந்த மைத்துனன் பேச்சை நம்பித்தான்.

பழைய மாடலை அவசரமாக வாங்கி நன்மையடைந்தவர்களும் உண்டு. 2017 மார்ச் 29-ந் தேதி, பி.எஸ். 3 வண்டிகளை ஏப்ரல் முதல் விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கம்பெனிகளிடமும் கடைகளிடமும் தேங்கி நின்ற இரு சக்கர வண்டிகள் ஆறு லட்சத்துக்கு மேல். மீதமிருந்த நாட்களில் ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டார்கள். தடை விற்பனைக்குத்தானே தவிர, வாங்கியவர் ஓட்டுவதற்கு அல்ல. 2020-ல் பி.எஸ். 6 விதி வந்தபோது கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் கருவி வந்தது. புகை குறைந்தது, ஊருக்கும் நுரையீரலுக்கும் நல்லது. ஆனால் ஸ்பானரும் ஊசியும் கொண்டு கார்புரேட்டரைச் சுத்தம் செய்துவந்த கிராமத்து மெக்கானிக், இப்போது வண்டியைச் சுற்றி வந்து கையை விரிக்கிறார்.

"முதல் தொகுதியில் வாங்காதே, கோளாறு இருக்கும்" என்றொரு உபதேசமும் உலவுகிறது. ஓரளவு நியாயமே. ஆயினும் 2021 மே மாதம் அந்தத் திருவொற்றியூர்க் கம்பெனியே, இக்னிஷன் காயிலில் குறை என்று சுமார் 2,37,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, புது இஞ்சின் மீட்டியோரும் பழைய இஞ்சின் புல்லட்டும் அதில் கலந்திருந்தன.

புது மாடல் வந்தால் பழையதன் மறுவிற்பனை விலை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறவர்கள், தாங்கள் எத்தனை வருஷம் வைத்திருப்போம் என்பதை முதலில் யோசிக்கலாம். பதிவு பதினைந்து வருஷத்துக்குச் செல்லும். நம்மைப் போன்றவர்கள் அந்தப் பதினைந்தும் முடிந்து, அதன் பிறகும் விற்க மனம் வராமல் வாசலில் துணி போர்த்தி வைத்திருக்கும் ஜாதி. இரண்டு வருஷத்துக்கொரு முறை வண்டி மாற்றுகிற தனவந்தர்களுக்கு அந்தக் கவலை தகும்.

வருஷக் கடைசியில் வாங்குவோர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிசம்பரில் வாங்கிய வண்டி ஜனவரியிலேயே காகிதத்தில் ஒரு வயது மூத்ததாகிவிடுகிறது. வண்டி எந்த மாதத்தில் செய்யப்பட்டது என்று கேட்டு, பதிவுக்கு அனுப்பும் பத்திரத்தில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப விலையைக் குறைக்கச் சொல்லலாம். கடைக்காரர் முதலில் சிரிப்பார். அப்புறம் மானேஜரைக் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போவார்.