தள்ளுபடி என்றால் முடிஞ்சுதா?



எங்கட 8ஆம் தரப் பிள்ளை கீறின கடல் படத்தை, கேட்காமலே கடை விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "ஏஐ கம்பெனிகள் மேல ஓவியர்கள் போட்ட வழக்கே தள்ளுபடி சேர்" என்று பதில்!

2023 ஒக்டோபரில் கலிபோர்னியா நீதிபதி ஒரிக் பெரும்பகுதியைத் தள்ளியது உண்மை. ஆனா திருத்திக் கொண்டுவர அனுமதியும் கொடுத்தார். சாரா ஆண்டர்சன் ஸ்டெபிலிட்டி ஏஐ மேல் வைத்த நேரடிப் பதிப்புரிமைக் குற்றச்சாட்டு அன்றே தப்பியது. மற்ற இருவரும் விழுந்தது படங்களைப் பதியாததால். திருத்தினார்கள், புது ஓவியர்களும் சேர்ந்தார்கள்; 2024 ஓகஸ்டில் பதிப்புரிமை வழக்கு தொடரலாம் என்றார் அதே நீதிபதி. இதை ஏன் யாரும் ஷெயார் பண்ணவில்லை?

இங்கே பதியவும் தேவையில்லை. 2003இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கீறினாலே உரிமை. திருக்கோவில் கடைக்காரரே, அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேளுங்கள், இல்லையென்றால் பலகையைக் கழற்றுங்கள்.