பாதுகாப்பாக இருந்ததா என்று அந்தத் தாயிடம் கேளுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் கிம்பர்லி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே பிள்ளை பெற்று சில வாரங்களே ஆன ஒரு பூர்வகுடிப் பெண்ணிடம் செவிலியர் ஒரு தாளை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படும் எடின்பரோ அளவுகோல் அது. மொத்தம் பத்துக் கேள்விகள். காரணமில்லாமல் பயமாக இருக்கிறதா, அழுகை வருகிறதா, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று போகும்.

அந்தப் பெண்ணின் மனதிலோ தாளில் இல்லாத பதினோராவது கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: ‘ஆமாம் என்று சொன்னால் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?’

இதைக் காரணமில்லாத பயம் என்று யாராவது சொல்ல முடியுமா? மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905இல் வந்த சட்டம், 16 வயதுக்குட்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளுக்கெல்லாம் சட்டப்பூர்வக் காப்பாளர் ‘தலைமைப் பாதுகாவலர்’ என்ற அதிகாரிதான் என்றது. பெற்ற தாய்க்கு அந்த உரிமை இல்லை. 1997இல் வெளிவந்த ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையத்தின் விசாரணை அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டார்கள் என்று கணக்கிட்டது. 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதோடு முடிந்த கதை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இன்றைக்கும் அரசுப் பராமரிப்பில் வீட்டுக்கு வெளியே வளரும் குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் பூர்வகுடிக் குழந்தைகள். அந்த நாட்டுக் குழந்தைகள் தொகையில் அவர்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவுதான்.

ஆக, அந்தத் தாய் பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். தாளின்படி அவர் நலமாக இருக்கிறார். மருத்துவமனையின் பதிவேடும் சுத்தமாக இருக்கிறது.

கிம்பர்லிப் பெண்கள் இதை இப்படியே விடவில்லை என்பதுதான் நாங்கள் சொல்ல வந்த செய்தி. அங்குள்ள பூர்வகுடிப் பெண்கள் சுகாதாரப் பணியாளர்களோடு உட்கார்ந்து தங்களுக்கென்று ஒரு அளவுகோலை உருவாக்கினார்கள். அதன் பெயர் ‘கிம்பர்லி மம்ஸ் மூட் ஸ்கேல்’. முதல் பகுதியில் அதே கேள்விகள், ஆனால் அவர்கள் பேசும் விதத்தில், படங்களோடு. இரண்டாம் பகுதியில் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சு. உனக்குத் துணை யார், நீ எப்படி வளர்ந்தாய், வீட்டில் நிலவரம் என்ன, எது உன்னை அலைக்கழிக்கிறது, எது உன்னைத் தாங்கிப் பிடிக்கிறது என்று அவசரமில்லாத உரையாடல். முதல் பகுதியின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, இந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் முடிவு. இப்படி உட்கார்ந்து பேசுவதை அங்கே ‘யார்னிங்’ என்பார்கள். நம் ஊர்த் திண்ணைப் பேச்சு மாதிரி என்று எழுத வாய் வருகிறது. ஆனால் நம் ஊரில் எல்லாத் திண்ணையிலும் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை என்பதால் அந்த உவமை வேண்டாம்.

இந்த அணுகுமுறையைப் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்கிறார்கள். சொல் பிறந்தது ஆஸ்திரேலியாவில் அல்ல, பக்கத்து நியூசிலாந்தில். 1988இல் ஒரு கூட்டத்தில் மாவோரி செவிலிய மாணவி ஒருவர் எழுந்து, சட்டப் பாதுகாப்பு, நெறிமுறைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டார். இரிஹபேத்தி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் அந்தக் கேள்வியை ஒரு கோட்பாடாகவே வளர்த்தெடுத்தார். கோட்பாட்டின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது: சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை பெற்றவர். கொடுத்தவர் அல்ல.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பண்பாடு என்றதும் வரவேற்பறையில் புள்ளி ஓவியம் மாட்டுவார்கள், ஊழியர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருவார்கள். ராம்ஸ்டன் கேட்டது அதையல்ல. ‘அவர்களுடைய’ வழக்கங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யும் வேலையை விட்டுவிட்டு, உன் கையில் இருக்கும் அதிகாரத்தை, உன் இனத்தின் வரலாற்றை, உனக்குள் ஊறிக் கிடக்கும் நினைப்புகளை முதலில் பார் என்று மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொன்னார். நோயாளியைப் பற்றிய பாடம் என்றால் எல்லோரும் படிப்பார்கள். தன்னைப் பற்றிய பாடம் என்றால் அவ்வளவு லேசில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மனநலத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இறந்துபோன உறவினரின் குரல் கேட்கிறது என்று துக்கத்தில் இருக்கும் ஒருவர் சொல்கிறார். பல பூர்வகுடிச் சமூகங்களில் அது துக்கத்தின் இயல்பான பகுதி. விவரம் தெரியாத மருத்துவர் மனச்சிதைவு என்று எழுதிவிடலாம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: எல்லாம் அவர்கள் பண்பாடு என்று நினைத்து, உண்மையிலேயே நோயில் தவிக்கிறவரை அப்படியே விட்டுவிடுவது. இரண்டையும் தவிர்க்க, அந்தச் சமூகத்து ஆள் அந்த அறைக்குள் இருக்க வேண்டும். நடு ஆஸ்திரேலியாவின் பாலைநிலத்தில் இயங்கும் என்.பி.ஒய். பெண்கள் மன்றம், ‘ங்கங்காரி’ எனப்படும் மரபு வைத்தியர்களைச் சம்பளம் கொடுத்து வேலைக்கு வைத்திருக்கிறது. அவர்கள் மனநல நிபுணர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, மனத்துயரை விவரிக்கும் சொற்களைத் தங்கள் மொழிகளிலேயே தேடித் தொகுத்தார்கள். மனச்சோர்வு என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் தன் வலியைத் திணிக்கத் தெரியாத பிள்ளைக்கு, பாட்டியின் மொழியில் ஒரு சொல் கிடைக்கிறது.

நிறுவனங்களும் மாறாமல் இல்லை. ஆஸ்திரேலிய உளவியல் சங்கம் 2016இல் பூர்வகுடி மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அவர்களைத் தாழ்ந்தவர்களாகக் காட்டிய சோதனைகளைப் பயன்படுத்தியதற்கும், பிள்ளைகள் பறிக்கப்பட்டபோது வாய்மூடி இருந்ததற்கும் சேர்த்துத்தான் அந்த மன்னிப்பு. ஆனால் மன்னிப்புக்காக யாரும் காத்திருக்கவில்லை. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971லேயே பூர்வகுடிகள் தங்கள் சொந்த மருத்துவ நிலையத்தைத் தொடங்கிவிட்டார்கள். இன்று அப்படிச் சமூகமே நிர்வகிக்கும் நிலையங்கள் 140க்கும் மேல். 2022இல் தொடங்கிய ‘13 யார்ன்’ என்ற தொலைபேசி உதவியில், நெருக்கடியில் அழைப்பவருக்குப் பதில் சொல்பவரும் பூர்வகுடியைச் சேர்ந்தவரே.

இதெல்லாம் இருந்தும் பூர்வகுடிகளிடையே தற்கொலை விகிதம் மற்றவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாகவே இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காவலில் நடந்த மரணங்களை விசாரித்த அரச ஆணையம் 1991இல் அறிக்கை தந்தது. விசாரிக்கப்பட்ட 99 மரணங்களில் 43 பேர் சிறுவயதில் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்கள். நிலத்தைப் பறித்து, பிள்ளையைப் பறித்து, ஆளைச் சிறையில் அடைத்துவிட்டு, கடைசியில் ஒரு நல்ல ஆலோசகரை அனுப்பினால் போதும் என்பது எங்களுக்கு உடன்பாடில்லை. பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற சொல்லை அரசு இந்த இடத்தில்தான் திரையாகப் பயன்படுத்துகிறது. மருத்துவமனைக்குள் மரியாதை கிடைக்கும், வாசலுக்கு வெளியே காவல்துறை வண்டி நிற்கும்.

நமக்கு இதில் என்ன? முதலாவது, வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் ஆஸ்திரேலியா போனால் பொதுவாகப் பத்து ஆண்டுகள் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில்தான் அரசுக் காப்பீட்டின் கீழ் தொழில் செய்ய முடியும். பூர்வகுடிகள் நிறைய வாழும் சிற்றூர்கள் பல அதில் வரும். இங்கிருந்து போகும் மருத்துவர்களும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். சேரிப் பக்கமே கால் வைக்காமல் வளர்ந்த ஒருவர், அங்கே போய்த் தன்னையும் ஒரு கறுப்பராக, இனவெறிக்கு ஆளானவராக மட்டும் எண்ணிக்கொள்வது எளிது. தன் சாதி தனக்குக் கற்றுக்கொடுத்த பார்வையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தோன்றுமா?

இரண்டாவது, அந்தச் சொல்லை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் ஆபத்து உண்டு. அங்கே பண்பாடு என்பது ஒடுக்கப்பட்டவர் காப்பாற்றி வைத்திருப்பது. இங்கே பண்பாடு என்று மேடையில் முழங்கப்படுவது பெரும்பாலும் நம்மை ஒடுக்கியவர்களுடையது. ‘பண்பாட்டை மதிக்கும் மனநல ஆலோசனை’ என்று இங்கே ஒருவர் கடை விரித்தால், சாதி மறுத்துக் காதலித்த பெண்ணிடம் குடும்ப கௌரவத்தை எடுத்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ராம்ஸ்டனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகாரம் பற்றிய பகுதியைத்தான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, சாதியின் பேரால் பாகுபாடில்லாத மனநலச் சிகிச்சையை உரிமையாகவே சொல்கிறது. ரோஹித் வெமுலா 2016இலும் பாயல் தாட்வி 2019இலும் இறந்த பிறகு கல்லூரிதோறும் ஆலோசகர் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. வேண்டும்தான். உங்கள் கல்லூரியில் அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் போன மாணவர்கள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை யாராவது கேட்டு எழுதி வைக்கிறார்களா என்று விசாரியுங்கள். எழுதுகிற குழுவில் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.