ஓட முடியாத பாட்டிக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டம்

நம் பாட்டாளி வீடுகளில் புதிதாக ஓர் உத்தியோகம் உண்டாகியிருக்கிறது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, சேமநிதியும் கிடையாது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதுதான் அந்த உத்தியோகம். முப்பது வருஷம் பால் வெட்டி, மங்கு துடைத்து, வாளி சுமந்து தோள் இறங்கிப்போன பாட்டிமார்தான் இதற்கு ஆள். மகனும் மருமகளும் ஆயர் குரோவிலோ பத்து பிரண்டாமிலோ பாக்டரியில் ஷிப்டு. காலை ஷிப்டு என்றால் பிள்ளை விழிக்கும் முன்னே போய்விடுகிறார்கள். இரவு ஷிப்டு என்றால் பகலில் அவர்கள் தூங்க வேண்டும். பிள்ளை சத்தம் போடாமல் பாட்டி காவல் இருக்க வேண்டும்.

தோட்டத்திலே ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. அதன் குறைகளை நாம் மறக்கவில்லை. இருந்தாலும் தாய் வெளிக்காட்டுக்குப் போகும்போது பிள்ளையை விட ஓர் இடம் உண்டு. 1990ஆம் ஆண்டு வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, கித்தா போய்ச் செம்பனை வந்து, நாம் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு அந்தக் கொட்டகை கூடவே வரவில்லை. பாட்டியின் மடிதான் ஆயாக்கொட்டகை ஆயிற்று.

பாட்டி என்ன செய்வார்? முட்டி வலி. ஓடுகிற பிள்ளையின் பின்னால் ஓட முடியாது. கைத்தொலைபேசியைக் கொடுத்தால் பிள்ளை அசையாமல் இருக்கிறது. கொடுத்துவிடுகிறார். நாம் பாட்டியைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு வயது முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை ஆகாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. நம் வீடுகளில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதை அவரவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கண் கெடும் என்பது ஒரு பக்கம். நமக்கு வேறொரு கவலையும் உண்டு. கைத்தொலைபேசி கையில் இருக்கும்போது பேரன் வாத்தியார், பாட்டி மக்கு. “உனக்கு ஒன்னும் தெரியாது பாட்டி” என்று அஞ்சு வயசுப் பிள்ளை சொல்லுகிறது. ஆயிரம் மரத்துப் பட்டையின் குணம் தெரிந்த கை அது. அதைப் பார்த்துச் சொல்லுகிறது!

போன மாதம் ஜாசின் பக்கம் ஒரு வீட்டில் நாம் பார்த்ததைச் சொல்கிறோம். பாட்டி ஒரு பழைய பால் டின்னைக் கவிழ்த்தார். உள்ளே கித்தாக் கொட்டை. தோட்டத்தை விட்டு வரும்போது எதற்கென்று தெரியாமலே எடுத்து வந்தாராம். பேரன் ஒன்றை எடுத்துப் பார்த்து “இது என்னா பாட்டி, முட்டையா?” என்று கேட்டான். 1896இல் டான் சே யான் இந்த நாட்டிலேயே முதல் கித்தாத் தோட்டத்தைப் போட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில். அந்த மண்ணின் பிள்ளைக்கு இன்று கித்தாக் கொட்டை தெரியவில்லை. சிரிப்பதா, வருந்துவதா?

பாட்டி சாக்குக்கட்டியால் சிமெண்டுத் தரையில் ஏழும் ஏழும் பதினான்கு வட்டம் போட்டார். வட்டத்துக்கு அஞ்சு கொட்டை, ஆக எழுபது. பல்லாங்குழி ஆரம்பமாயிற்று. ஒரு குழியை அள்ளி வரிசையாக ஒவ்வொன்றாய்ப் போட வேண்டும். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறும் குழியாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கும் அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சேர்ந்த குழி ‘பசு’, குழிக்காரருக்குச் சொந்தம். ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும், பாட்டி சொல்வதே சட்டம். அரை மணி நேரத்தில் அந்தப் பையன் ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில் எண்ணிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாட்டி ஒரு கொட்டையைக் கள்ளத்தனமாகத் தள்ளியதையும் கண்டுபிடித்துவிட்டான்!

பக்கத்து மலாய்க்கார வீட்டில் இதையே சொங்காக் என்று ஆடுவார்கள்; இரண்டு முனையிலும் ‘வீடு’ என்று ஒரு பெரிய குழி கூடுதலாக இருக்கும். அந்த வீட்டுப் பாட்டியையும் கூப்பிட்டுக்கொள்ளலாமே. தரையில் உட்கார முடியாதவர்கள் மேசை மேல் அட்டையில் வரைந்துகொண்டால் போதும். அஞ்சாங்கல்லுக்குக் கல் வேண்டாம். துணியில் சின்னச் சின்னப் பை தைத்து அரிசி நிரப்பினால் உருண்டு ஓடாது, விரல் வலிக்காது. தாயத்துக்குப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

தாத்தாமார் டிவி முன்னால் உட்கார்ந்து ‘எனக்கென்ன’ என்றிருப்பதும் சரியில்லை. ஆடுபுலி ஆட்டம் அவர்களுக்கென்றே ஏற்பட்டது. மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் ஒன்றுக்கொன்று துணையாக நின்று வழியை அடைத்தால் புலி நகர முடியாது. சங்கக் கூட்டத்தில் நாம் தொண்டை வறளப் பேசுவதைத் தாத்தா ஒரு மாலையில் பேரனுக்கு விளங்க வைத்துவிடுவார்.

கொட்டை இல்லாத நேரத்தில் விடுகதை போதும். கட்டிலில் படுத்தபடியே போடலாம். “வெட்ட வெட்ட அழுவான், அவன் அழுதால்தான் நமக்குச் சோறு” என்று போட்டுப் பாருங்கள். பிள்ளை விழிக்கும். அப்போது கித்தா மரத்தின் கதையைச் சொல்லலாம், உளி பிடித்த கதையையும் சொல்லலாம்.

எச்சரிக்கை ஒன்று. கித்தாக் கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் விஷம். எதையும் வாயில் போட்டுப் பார்க்கும் வயதுப் பிள்ளையிடம் எந்தக் கொட்டையும் ஆகாது, தொண்டையில் அடைக்கும். கொட்டை கிடைக்காதவர்கள் பள்ளிக்கூட ஓரங்களில் சாகா மரத்தடியில் உதிரும் மஞ்சாடி பொறுக்கலாம். அது முழுச் சிவப்பு. கறுப்புப் பொட்டு வைத்த சிவப்பு விதை குன்றிமணி. அது கொடிய நஞ்சு, வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம்.

மகன்மார், மருமகள்மாருக்கும் ஒரு வார்த்தை. ஆட்டம் சொல்லிக் கொடுத்துவிட்டோம், இனி ஏழு நாளும் பாட்டியிடம் விட்டுவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிள்ளை வளர்ப்பது வேலை. வேலைக்கு ஓய்வு நாள் உண்டு என்று போராடி வாங்கியவர்கள் இந்தப் பாட்டிமார்தாம். வாரத்தில் ஒரு நாளாவது அவர் கோயிலுக்குப் போகட்டும், தூங்கட்டும். மாதம் ஒரு தொகை கையில் வையுங்கள். “எதுக்குப்பா” என்று மறுப்பார், வைத்துவிட்டு வாருங்கள்.

கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: கோயில் மண்டபம் சனிக்கிழமை மாலையில் சும்மாதானே கிடக்கிறது? நாலு பாய், முட்டி மடக்க முடியாதவர்களுக்கு நாலு நாற்காலி, ஒரு கேத்தல் தேத்தண்ணீர். கொட்டை வைத்திருக்கும் பாட்டிமார் எடுத்து வருவார்கள்.